எத்தனை இலைக்கு?

எங்கள் குடும்பப் பட்டியலில் இன்று உயிரோடு இருப்பவர்கள் 214 பேர். பாட்டாவுக்கு ஏழு மக்கள். அந்த ஏழு வழியிலும் மருமகன், மருமகள், பேரன், பேத்தி, கடைசியாகத் தக்கலையில் பிறந்த குழந்தை வரைக்கும் சேர்த்த கணக்கு இது. வீடாக எண்ணினால் 61. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் திருவட்டாறுக்கும் நடுவில் இருக்கிற பழைய வீட்டில் எல்லோரும் ஒரு நாள் கூடுவது என்று முடிவானதும் பந்தல், மைக், பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டி என்று ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்லும் வேலை என்னிடம் வந்தது. புள்ளியியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள், வேறு யாரிடம் போகும்?

துறையில் நாங்கள் செய்தது நெல் கணக்கு. ஒரு மாவட்டத்து விளைச்சலை மதிப்பிட, விளைந்த நெல்லை எல்லாம் யாரும் அளந்து பார்ப்பதில்லை. சமவாய்ப்பு எண்களை வைத்து ஊரையும் வயலையும் தேர்ந்தெடுப்போம். அந்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் குறித்து, அறுத்து, அடித்து, எடை போடுவோம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களில் கயிறு பிடித்து நின்றே என் சர்வீஸில் பாதி போனது. வயலிடம் ஒரு நல்ல குணம் உண்டு. கேட்டால் மரியாதைக்காக எதையும் கூட்டிச் சொல்லாது. சொந்தக்காரர்கள் அப்படி இல்லை.

முதலில் தேதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வருகிறவர்களின் எண்ணிக்கையில் பாதி தேதியிலேயே தீர்ந்துவிடுகிறது. மே மாதம் இங்கே பள்ளி விடுமுறை, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் விடுமுறை. ஆனால் வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான். மேயில் முகூர்த்தங்களும் அதிகம், ஒரே ஞாயிற்றில் மூன்று கல்யாண அழைப்பிதழ் வந்து கிடக்கும். ஆடியில் கல்யாணம் கிடையாது. மலையாளக் கணக்கில் அது கர்க்கடகம், அங்கேயும் கிடையாது. சமையலுக்கு ஆள் கிடைக்கும், பந்தல் வாடகை குறையும், "அண்ணைக்கு எனக்கொரு கல்யாணம் இருக்கே" என்ற சாக்கு யாருக்கும் கிடைக்காது. ஆடிக் கடைசி ஞாயிறு என்று நான் சொன்னதும் மூத்த அத்தை முகம் சுளித்தாள். "ஆடியில போயி நல்ல காரியமா?" "நாம என்ன தாலியா கட்டப் போறோம் அத்தை, சோறுதானே தின்னப் போறோம்" என்றான் தம்பி. அதோடு முடிந்தது. மழை மட்டும் கைக்கு அடங்காது. ஓலைப் பந்தல்தான் அழகு என்று ஒரு சாரார் சொன்னார்கள், நான் விடவில்லை, தகரம் போட்டோம்.

வாட்ஸாப் குழுவில் பெங்களூர் மருமகன் ஒரு வாக்கெடுப்பு போட்டான். வருகிறேன், வரவில்லை, பார்க்கலாம் என்று மூன்று கட்டம். அதில் விழுந்தது 58 வாக்கு. அதை ஆள் எண்ணிக்கையாக எடுப்பதா, வீட்டு எண்ணிக்கையாக எடுப்பதா? புருசனும் பெண்டாட்டியும் தனித்தனியாக அழுத்திய வீடுகள் உண்டு. ஐந்து பேர் இருக்கிற வீட்டில் இருந்து ஒரே ஒரு வாக்கு வந்ததும் உண்டு. எழுபதைத் தாண்டியவர்களில் பலரிடம் அந்த மாதிரி போனே இல்லை. அவர்கள்தான் எந்தக் கூட்டத்துக்கும் முதலில் வந்து முன்வரிசையில் உட்காருகிறவர்கள். "வருகிறேன்" என்பதில் விரல் வைக்கக் காசு பணம் செலவில்லை, அதனால் அதற்கு எடையும் இல்லை.

எடை இருப்பது ரயில் டிக்கெட்டுக்கு. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன்பு 120 நாள்). சென்னையில் இருக்கிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸிலோ அனந்தபுரியிலோ ஏறினால் ஞாயிறு காலையில் நாகர்கோவில் வந்துவிடலாம். திரும்பவும் அன்றைக்குச் சாயங்கால ரயில். முன்பதிவு திறந்து ஒரு வாரம் கழித்து நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டிக்கெட் கன்ஃபர்மா, வெயிட்டிங்கா?" கையில் டிக்கெட் இருக்கிறவர்களை உறுதி என்ற பக்கத்தில் எழுதினேன். "இன்னும் போடல்ல, தட்கால்ல பாக்கலாம்" என்றவர்களைப் பென்சிலால் எழுதினேன்.

இன்னொன்று. ஏதாவது ஒரு கேள்வி கேட்கிறவர்கள் வந்துவிடுவார்கள். கார் எங்கே நிறுத்துவது, அம்மைக்கு முட்டுவலி, மேலைத்தேய கக்கூஸ் உண்டா, சாப்பாடு சைவமா, குழந்தைக்குப் பால் காய்ச்ச முடியுமா என்று கேட்டவர்கள் அனேகமாக எல்லோரும் வந்தார்கள். "கண்டிப்பா வருவோம் மக்கா, வராம இருப்பமா?" என்று உருகிவிட்டு அதற்குப் பிறகு மூச்சே காட்டாதவர்களைப் பாதிக்குப் பாதி என்று வைத்தேன்.

இதற்கெல்லாம் மேலே நான் நம்பியது மருமகள்களை. ஏழு வழியிலும் வழிக்கு ஒருத்தி இருக்கிறாள், யார் வீட்டில் யாருக்குப் பரீட்சை, யாருக்குக் கண் ஆபரேஷன், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளிடம் "நீ வருவியா?" என்று கேட்டால் வருவேன் என்றுதான் சொல்வாள். அதைக் கேட்கக் கூடாது. "உன் நாத்தனார் வருவாளா? கொழுந்தன் வீட்டுல எத்தன பேர்?" என்று கேட்க வேண்டும். தன்னைப் பற்றிச் சொல்லும்போது நாக்கில் வருகிற தாராளம் அடுத்தவரைப் பற்றிச் சொல்லும்போது வருவதில்லை. 61 வீட்டையும் நான் விசாரிக்கவில்லை. ஏழு பெண்களிடம் ஆளுக்கு அரைமணி நேரம் பேசினேன், பட்டியலில் முக்கால்வாசிக்கு எதிரே எண் எழுதிவிட்டேன்.

(அழைப்பது வேறு விசாரிப்பது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். விசாரிக்கப் போன் போதும். அழைக்க வீட்டுக்கே போக வேண்டும். பெரியவர்கள் இருக்கிற வீடுகளுக்குத் தம்பியும் அவன் பெண்டாட்டியும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்னார்கள். போனில் மட்டும் சொன்ன இரண்டு வீட்டார் கடைசி வரை "எங்கள யாரும் அழைக்கல்ல" என்றுதான் இருந்தார்கள். அதுவும் கணக்கில் வரும்.)

கணக்குக்கு வருகிறேன். மோட்டார் சைக்கிளிலோ பஸ்ஸிலோ ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடக் கூடியவர்களும் டிக்கெட் எடுத்தவர்களும் 96 பேர். இதில் எட்டு குறையும் என்று 88 வைத்தேன். பூதப்பாண்டிப் பக்கத்து வீட்டாருக்குக் கன்னிப்பூ அறுப்பு நெருங்குகிற சமயம், அறுப்பு எந்திரம் கிடைக்கிற நாளை அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. வளைகுடா முதலிய வெளிநாடுகளில் 31 பேர், லீவு கிடைத்தவர்கள் 12. படுக்கையில் இருப்பவர்கள், பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள், வெளியூர் விடுதியில் இருக்கிற பிள்ளைகள் என்று 22 பேர். அதில் ஐந்து பேர் எப்படியும் வந்து நிற்பார்கள்.

சிக்கல் கார்க்காரர்களிடம். திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று பத்து கார், காருக்கு நான்கு பேராக 40 பேர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தபோது நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமே நின்றுவிட்டது. சின்ன அத்தை கட்டிப்போனது அங்கே, அதனால் எங்கள் பட்டியலில் கேரளக் கார்கள் நான்கு. இந்தப் பத்து காரில் ஒவ்வொன்றும் வர ஐம்பது சதவீதம், வராமல் இருக்க ஐம்பது. சராசரி 20 பேர் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் 40 பேரும் தனித்தனியாக முடிவெடுக்கிறவர்களாக இருந்தால் வருகை 14 முதல் 26க்குள் இருக்கும் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை நம்பலாம். காராக முடிவெடுத்தால் நிலைமையே வேறு. இரண்டு காரும் வரலாம், எட்டு காரும் வரலாம். 8 பேரில் இருந்து 32 பேர் வரைக்கும் விரிகிறது. சராசரி அதே 20, அதைச் சுற்றியுள்ள ஆட்டம் மட்டும் இரண்டு மடங்கு. கார் கிளம்பினால் நான்கு இலை, கிளம்பாவிட்டால் நான்கும் இல்லை. ஆகையால் ஆளை எண்ணாமல் வண்டியை எண்ணுவதுதான் சரி.

இதற்கு நேர் எதிராக, ஆட்டத்தைக் குறைக்கிற இரண்டு வீடும் எங்களுக்கு உண்டு. ரப்பர் தோட்டத்து எல்லையை வைத்துப் பல வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன், தம்பி. "அவன் வந்தாம்னா நான் வரல்ல, கேட்டியா" என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். ஒரு பக்கம் மக்கள், பேரப்பிள்ளைகள் சேர்த்து 14 பேர், இன்னொரு பக்கம் 11. எந்தப் பக்கம் வந்தாலும் எனக்குக் கிட்டத்தட்ட 12தான். மனிதர்களாகப் பார்த்தால் வருத்தம், புள்ளியியலாகப் பார்த்தால் இவ்வளவு நம்பகமான வீடு வேறு கிடையாது.

88, 12, 5, 20, 12. கூட்டினால் 137. இதோடு நிறுத்தினால் போயிற்று, ஏனென்றால் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள் இல்லை. சமையல் ஆட்கள் ஒன்பது, வாடகை வண்டி ஓட்டுநர்கள் மூன்று, தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நான்கு, பந்தல் போட இடமும் கிணற்றுத் தண்ணீரும் கொடுத்த அடுத்த வீட்டார் ஒன்பது. இந்த 25ஐ எந்த வாட்ஸாப் குழுவும் காட்டித்தராது. மொத்தம் 162. இரண்டு பக்கமும் 20 ஆடும். 140க்குக் குறைய வாய்ப்பில்லை, 180ஐத் தாண்டவும் வாய்ப்பில்லை என்று எழுதித் தம்பியிடம் கொடுத்தேன்.

"இதென்ன அக்கா, ஒரு நம்பர் கேட்டா ரண்டு நம்பர் தாற?"

ஒரு நம்பர் கேட்பவர்களிடம் எனக்குள்ள சண்டையே இதுதான். எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எதற்காகக் கேட்கிறாய் என்பதைப் பொறுத்து எண் மாறும். புள்ளியியல் வகுப்பில் செய்தித்தாள் விற்பவர் கணக்கு என்று ஒன்று சொல்லித் தருவார்கள். பேப்பர் மிஞ்சினால் எவ்வளவு நஷ்டம், குறைந்தால் எவ்வளவு நஷ்டம் என்று பார்த்து, அந்த இரண்டின் விகிதத்தை வைத்து எத்தனை வாங்கலாம் என்று முடிவு செய்வது. குறைவதன் நஷ்டம் மிஞ்சுவதைப் போல நான்கு மடங்கு என்றால், ஐந்தில் நான்கு தடவை போதுமான அளவுக்கு வாங்க வேண்டும். எங்கள் கணக்கில் அது 170.

அந்த 170 அவியலுக்கும் எரிசேரிக்கும். இரண்டையும் நடுவில் கூட்ட முடியாது. காலையில் வெட்டின காய்தான், வார்ப்பில் (பெரிய சமையல் பாத்திரம்) ஏறியதுதான். இலைக்கு 170 பார்க்க வேண்டியதே இல்லை, 220 வாங்கினோம். தலைவாழை இலையில் கிழிசலும் போகும், மிஞ்சினால் மாடு தின்னும். பப்படத்துக்கு எண்ணே வேண்டாம், பந்திக்குப் பந்தி பொரித்துக்கொள்ளலாம். சோறு இதற்கு நடுவில். எங்கள் தவசிப்பிள்ளை, அதாவது சமையல்காரர், கிலோவுக்கு எட்டு பேர் என்று அளப்பவர். 24 கிலோ அரிசி வாங்கி வைத்தோம், முதலில் 14 கிலோவை மட்டும் உலையில் போட்டோம். முதல் பந்தி உட்காரும்போது முற்றத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து அடுத்த உலை. அரிசியாக மிஞ்சினால் அது அரிசி, சோறாக மிஞ்சினால்தான் கவலை. அடைப்பிரதமனும் போளிக்கு ஊற்றிச் சாப்பிடுகிற பால்பாயாசமும் எவ்வளவு மிஞ்சினாலும் நஷ்டமில்லை, தூக்குவாளியோடு வருகிற அத்தைமார்கள் இருக்கிறார்கள். மட்டிப்பழம் குலையாகத் தொங்கவிட்டோம், சாயங்காலத்துக்குள் பிள்ளைகளே முடித்துவிட்டார்கள்.

குடும்ப மர அட்டை அச்சடித்ததற்கு 61 பிரதி, வீட்டுக்கு ஒன்று. இது வருகையைப் பொறுத்ததே இல்லை, வராதவர்களுக்கும் கொடுத்தனுப்பலாம். பெங்களூர் மருமகன் எல்லோருக்கும் ஒரே நிற டீ ஷர்ட் என்று ஒரு யோசனை சொன்னான். ஒன்றரை மாதத்துக்கு முன்பே சரியான எண்ணிக்கை வேண்டும், அதிலும் அளவு வாரியாக வேண்டும், மிஞ்சினால் தரை துடைக்கத்தான் ஆகும். மூத்த அத்தைக்கு எந்த அளவு என்று ஒரு கேள்வி கேட்டேன், அப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எண்ணைச் சமையலுக்குச் சொல்லும்போதுதான் மிகவும் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. எல்லாக் குடும்பத்திலும் நடப்பது இது: கணக்குப் போடுகிறவர் ஒரு பத்து சதவீதம் சேர்த்துச் சொல்வார். அதைக் கேட்ட வீட்டுக்காரர் "குறைஞ்சா மானம் போகும்" என்று இன்னொரு பத்து சேர்ப்பார். சமையல்காரர் இரண்டையும் அறியாமல் தன் பங்குக்குப் பத்து போடுவார். 160 என்பது 176 ஆகி, 194 ஆகி, 213 ஆகிவிடும். பட்டியலில் உள்ள அத்தனை பேரும் படுக்கையை விட்டு எழுந்து வந்தால்தான் தீருகிற சாப்பாடு. யாரும் பேராசைப்படவில்லை, எல்லோரும் நல்லது நினைத்துத்தான் சேர்த்தார்கள். அதனால் நானே ஆக்குப்புரைக்கு, சமையல் நடக்கிற கொட்டகைக்கு, போய்ப் பேசினேன்.

"எத்தன எலைக்கு அக்கா?"

"நூத்தி எழுபது. நான் கூட்டித்தான் சொல்லுதேன், நீங்க கூட்டாதீங்க."

அவர் சிரித்தார். "எல்லாரும் கூட்டாமத்தான் சொல்லுதோம்னு சொல்லுவாவ. நீங்க மட்டுந்தான் கூட்டிட்டேன்னு சொல்லுதீய." ஆனாலும் ஒத்துக்கொண்டார். தேங்காயில் ஒரு ஐந்து கூடுதலாக வாங்கியிருப்பார் என்பது என் சந்தேகம், அது அவர் உரிமை.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பது எதற்கு, நாலு படி அரிசி கூடினால் என்ன என்று சிலர் கேட்டார்கள். கூடினால் ஒன்றுமில்லை. மிஞ்சினால் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு முதியோர் இல்லத்தில் முன்பே பேசியிருந்தோம். குறைந்தால் யாருக்குக் குறைகிறது என்பதுதான் என் கேள்வி. முதல் பந்தியில் பெரியவர்களும் ரயிலுக்குப் போகிறவர்களும் உட்காருவார்கள். இரண்டாவதில் விருந்தாளிகள். கடைசிப் பந்தியில் காலை நாலு மணிக்கு எழுந்து காய் நறுக்கின பெண்களும் பரிமாறின பையன்களும். விருந்தாளிக்கு எந்த வீட்டிலும் குறையாது. அவியல் தீர்ந்து, எரிசேரி அடிவார்ப்பாகி, "இருக்கதப் போதும்" என்று சொல்லிச் சாப்பிடுவது வீட்டுப் பெண்கள்தான். சின்ன வயதில் எங்கள் அம்மை கல்யாண வீடுகளில் ரசமும் ஊறுகாயும் மட்டும் வைத்து எழுந்ததைப் பார்த்திருக்கிறேன். குறைந்த கணக்குப் போட்டவர்கள் முதல் பந்தியில் உண்டுவிட்டுத் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் 162 என்று வந்த பிறகும் 170 என்று சொன்னேன்.

அன்றைக்குக் காலையில் ஒரு தூறல், பத்து மணிக்கு வெறித்துவிட்டது. பந்திக்கு 60 பேர் உட்காருகிற மாதிரி மேசை. முதல் இரண்டு பந்தியும் நிறைந்தன, மூன்றாவதில் 51. எச்சில் இலை எடுத்த பையன்களிடம் எண்ணச் சொல்லியிருந்தேன், 171 இலை. கார்கள் ஆறு வந்தன. அண்ணன், தம்பியில் தம்பி வீட்டார் 11 பேர் வந்தார்கள். அண்ணன் வரவில்லை, ஆனால் அவர் மகள் சொல்லாமல் பிள்ளைகளோடு வந்து சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். என் பென்சில் பக்கத்தில் இருந்தவர்கள் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆச்சரியம் திருநெல்வேலிக் கார் ஒன்றில் ஏழு பேர் இறங்கியது. காருக்கு நான்கு என்று நான் வைத்ததை அந்தக் காருக்கு யாரும் சொல்லவில்லை போல.

பிறகு உட்கார்ந்து வழி வழியாக ஒத்துப் பார்த்தேன். மருமகள்கள் சொன்ன எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் எந்த வழியிலும் மூன்றுக்கு மேல் வித்தியாசம் இல்லை. வாட்ஸாப் வாக்கெடுப்பை வைத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருமகனுக்கே கணக்குப் போட்டுக் காட்டினேன். அடுத்த தடவை வாக்கெடுப்பில் "எத்தனை பேர், எந்த வண்டி" என்று கேட்கலாம் என்றான். கேட்கட்டும், நான் தடுக்கவில்லை.

அடுத்த கூட்டம் நெய்யாற்றின்கரையில், சின்ன அத்தை பொறுப்பில். வீட்டில் இடம் போதாது என்று மண்டபம் பார்க்கிறாள். அதற்குள் போன் வந்துவிட்டது, எத்தனை பேர் என்று. ரயில் முன்பதிவு திறக்கட்டும் அத்தை என்றேன். "நீ டிக்கெட்டுக்குக் காத்திரு, எனக்கு மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கணும்" என்றாள். அதுவும் சரிதான். மண்டபத்துக்கு 200 என்று சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டுக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை.